பார்க்க மட்டும்

தம்பி இறந்த அன்று பேனர் அடிக்க ஒரு நல்ல படம் கிடைக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வருஷக்கணக்காக அடுத்தவர் முகத்தையே எடுத்துக்கொண்டிருந்தவன். பூந்தமல்லியில் ஒரு மாடியில் அவனுக்கு ஸ்டூடியோ. வாட்ஸாப்பில் முகப்படமாக வைத்திருந்ததே ஒரு லென்ஸ்தான். என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினேன். அதை எடுத்தவனே அவன், அதில் எங்கே இருப்பான்? குடும்பப் படம் ஒன்றில் மட்டும் டைமரை வைத்துவிட்டு ஓடிவந்து ஓரத்தில் நிற்கிறான். கண் மூடியிருக்கிறது, பாதி உடம்பு மங்கல். பெண் பார்க்கும்போதெல்லாம் படம் கேட்பார்கள். ஜாதகத்தை அனுப்புங்க, மூஞ்சியை நேர்ல வந்து காட்டறேன் என்பான். கடைசிவரை கல்யாணமும் ஆகவில்லை, படமும் எடுக்கவில்லை.

எங்கள் பக்கம் ஒரு சாவு என்றால் முதல் ஆள் ஐஸ் பெட்டிக்கு ஓடும், இரண்டாவது ஆள் ஃப்ளெக்ஸ் கடைக்கு ஓடும். உடலை எடுப்பதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி நின்றாக வேண்டும். இல்லையென்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். கடைக்காரர் போனில் படம், படம் என்று நச்சரித்தார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆதார் அட்டையில் இருந்த படத்தை அனுப்பினேன். அவர் அந்தத் தலையை வெட்டி, வெள்ளைச் சட்டை போட்ட யாரோ ஒருவன் உடம்பில் ஒட்டி, பின்னால் நீல வானமும் இரண்டு புறாவும் வைத்து அடித்துக் கொடுத்துவிட்டார். தம்பி வெள்ளைச் சட்டை போட்டு நான் பார்த்ததே கிடையாது.

அம்மா அந்த பேனரைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"இன்னாடா இது? போலீஸ் புட்ச்சிகினு போனவன் மாரி கீது. எம்புள்ள சிரிச்ச மூஞ்சிடா."

காரியம் முடிந்தபின் அதே படத்தை ஃப்ரேம் போட்டுக் கொண்டுவந்தேன். அம்மா வாங்கினாள், ஒரு பார்வை பார்த்தாள், பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டாள். கூடத்துச் சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது. அந்த ஆணிக்குக் கீழே, வெறும் சுவருக்கு, தினமும் சாயங்காலம் விளக்கு வைத்தாள். நல்ல படம் வரும்வரை சுவருக்கே வைப்பாளாம். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவைத்தேன். எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியாது.

அவளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. அவன் விடியற்காலை ஒரு முகூர்த்தத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. ஒரு வாய் காபி கூடக் குடிக்கவில்லை. வெறும் வயிற்றோடு போய்விட்டானே என்பதுதான் அவள் புலம்பல். வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். உயிரோடு இருந்தபோதும் அவனைப் பற்றி அவளுக்கு அந்த ஒரு கவலைதான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மத்தியானம் திரும்பி வந்து, பசி உயிர் போகுதும்மா, எவனும் ஒரு இலை போடல என்பான். உடனே அம்மா அந்தக் கல்யாண வீட்டாரை மூன்று தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டே சோறு சூடு பண்ணுவாள். அவன் சாப்பிடச் சாப்பிடப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

எனக்கு அழுகை வரவில்லை. பாடையைத் தூக்கும்போதும் வரவில்லை, பால் ஊற்றும்போதும் வரவில்லை. சாவு வீட்டில் அழாமல் நிற்கிறவனை எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியும். பார்த்தார்கள். நான் பந்தல்காரரிடம் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஐ.டி. அலுவலகத்தில் இருக்கிறேன். என்ன வேலை என்று கேட்பவர்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்வேன். உள்ளபடி சொன்னால், அனுமதி கொடுக்கிற வேலை, பறிக்கிற வேலை. யார் எந்த ஃபைலைத் திறக்கலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம், யார் திருத்தலாம் என்பதெல்லாம் எங்கள் மேஜைக்கு வரும். காரணம் எழுதாமல் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம். ஒருவர் வேலையை விட்டால் அவருடைய கடைசி நாள் சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும். ராஜினாமா செய்தவரோ, துரத்தப்பட்டவரோ, செத்துப்போனவரோ, எங்களுக்கு ஒரே பொத்தான்தான். பிரிவுபசாரக் கேக் வெட்டும்போதே மேலே நான் பிடுங்கிக்கொண்டிருப்பேன். பல வருஷமாகச் செய்கிறேன், ஒன்றும் தோன்றாது.

காரியம் முடிந்த மறு ஞாயிறு மத்தியானம் தம்பியின் கணக்கை அப்படித்தான் திறந்தேன். அவன் போனின் பூட்டு எனக்குத் தெரியும். அவன் எடுத்த கல்யாணமெல்லாம் கிளவுடில், வீட்டுக்கு ஒரு ஃபோல்டராகக் கிடந்தன. அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மண்டப வாசலில், வரவேற்புப் பலகைக்குப் பக்கத்தில், ஒரு க்யூஆர் அட்டையை ஒட்டி வைப்பான். வந்தவர்கள் போனில் எடுத்த படங்களையும் அதே ஃபோல்டரில் போடலாம். அதற்காக எல்லோருக்கும் திருத்தும் உரிமையே கொடுத்து வைத்திருந்தான். அலுவலகத்தில் இப்படி யாராவது செய்தால் வேலை போய்விடும்.

உள்ளே போய்ப் பார்த்தால் தர்ம சத்திரம். ஒரு வளைகாப்பு ஃபோல்டரில் யாரோ தன் ரேஷன் கார்டை ஸ்கேன் பண்ணிப் போட்டிருந்தார். இன்னொன்றில் யாருடைய பிள்ளையோ ஹால் டிக்கெட். ஒரு புண்ணியவான் ஒரு கிரகப்பிரவேச ஃபோல்டரில் நாற்பது பக்திப் பாட்டு ஏற்றி வைத்திருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. செத்தவன் தலையில் ஊரே குடித்தனம் பண்ணுகிறதே என்று நினைத்தேன். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பொது லிங்கை மூடினேன். பெயர் பெயராக ஆட்களை வெளியேற்றினேன். ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி எழும்பி, இவரை நீக்கினால் இவர் சேர்த்த ஃபைல்களும் இங்கிருந்து போய்விடும், சரியா என்று கேட்டது. சரி என்று அமுக்கினேன். அந்தப் பெட்டியை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை பார்க்கிறவன் நான், அதைப் படிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டேன். மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போவதற்குள் பாதி வேலை முடிந்திருந்தது. சாயங்காலம் அந்தக் கணக்கில் அவனைத் தவிர ஒருவரும் இல்லை.

பிறகு கோரிக்கைகள் வர ஆரம்பித்தன. மூடிய லிங்கை யாராவது தொட்டால் 'அனுமதி கேட்கவும்' என்று ஒரு பொத்தான் வரும். அதை அமுக்கினால் தம்பியின் மெயிலுக்கு வரும். தம்பியின் போன் என் சட்டைப்பையில் இருந்தது. சும்மா ஆல்பம் பார்க்கக் கேட்கிறார்கள் என்று நினைத்து முதலில் விட்டுவிட்டேன். அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவருடைய அப்பா காலையில் தவறிவிட்டார். பேனருக்கு ஒரு படம் வேண்டும், தங்கை கல்யாணத்தில் பட்டு வேட்டியோடு நின்ற படம் ஒன்று இருக்கிறது, லிங்க் திறக்கவில்லை என்றார்.

எங்கள் ஊரில் நல்ல படம் என்பது அப்படித்தான் கிடைக்கும். யாரும் சாவுக்காகப் படம் எடுத்து வைப்பதில்லை. ஏதோ ஒரு கல்யாணத்தில் தன்னை மறந்து சிரித்தபடி மாட்டியிருப்பார்கள், அதிலிருந்து வெட்டி எடுப்பார்கள். கூர்ந்து பார்த்தால் பேனரில் தோள் ஓரம் கல்யாணப் பெண்ணின் பட்டுப் புடவை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு ஒரு கோரிக்கையையும் விடவில்லை. வந்தவுடன் திறந்தேன், 'பார்க்க மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுமதித்தேன். தொடும்போதே எங்கோ ஒரு வீட்டில் ஐஸ் பெட்டி வந்துவிட்டது என்று தெரியும். அதற்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அலுவலகக் கூட்டத்தில் இருந்துகொண்டே மேஜைக்கு அடியில் அனுமதித்திருக்கிறேன்.

ஒரு நாள் அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் வந்துகொண்டிருந்தபோது தம்பியின் போன் அடித்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து ஓர் அக்கா. அவர் மகள் கல்யாணத்தைத் தம்பிதான் எடுத்தான். மாமனார் இறந்துவிட்டார், படம் வேண்டும் என்றார். நான் அண்ணன் பேசுகிறேன், தம்பி இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டான் என்றேன். பல பேரிடம் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் தேய்ந்துபோயிருந்தது. தன் வீட்டுச் சாவை விட்டுவிட்டு அந்த அக்கா என் தம்பிக்காக அழுதார்.

"கடைசிப் பந்தில நாந்தான் நைனா அவருக்கு எல போட்டேன். எங்க ஊட்டு விசேஷம் மூணுத்துலயும் பேண்டுக்காரங்களோட குந்திகினு நல்லா சாப்டுவாரு. சிரிச்சிகினே துன்றாரேன்னு என் போன்ல ஒரு போட்டோ கூட புட்ச்சேன். அதுலயே போட்டு உட்டேனே, பாக்கலயா?"

சாப்பிட்ட விஷயம் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. போட்டோ என்றது மட்டும்தான் ஏறியது. மேம்பாலத்திலேயே ஓரமாக நின்று அவர்கள் வீட்டு ஃபோல்டரைத் திறந்தேன். தம்பி எடுத்த படங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. அந்த அக்கா போட்டது ஒன்றும் இல்லை. அவரை வெளியேற்றியபோது அவர் போட்டதும் அவரோடு போய்விட்டது. இந்த ஒரு ஃபோல்டர் மட்டுமா? எத்தனை மண்டபம், எத்தனை விருந்தாளி. கேமராவுக்குப் பின்னால் நின்றவனை யாராவது எடுத்திருந்தால் அந்த விருந்தாளிகள்தான் எடுத்திருக்க வேண்டும். அத்தனையையும் ஒரு மத்தியானத்தில் துடைத்து வெளியே போட்டிருக்கிறேன். நான் எங்கே தேடியிருக்க வேண்டுமோ அந்த இடத்தைத்தான் முதல் வேலையாகக் காலி செய்திருக்கிறேன்.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. அவன் செத்த அன்று கூட வராத பயம். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயில் வந்து போனது, ஜனம் இடித்துக்கொண்டு இறங்கியது. ஒருத்தர், வழியில் நின்னுகினு இன்னா சார் என்று திட்டிவிட்டுப் போனார்.

தம்பியின் வாட்ஸாப்பில் தேடினேன். அந்த அக்கா கல்யாணத்தன்றே படத்தின் லிங்கை அவனுக்கு அனுப்பியிருந்தார். அவன் ஒரு கும்பிடு பொம்மையைப் பதிலாகப் போட்டிருந்தான். தொட்டேன். உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. கீழே அந்தப் பொத்தான், அதற்கு மேல் காரணம் எழுத ஒரு கட்டம். என் பிழைப்பே அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் போதாது என்று திருப்புவதுதான். இப்போது எனக்கு எழுத வரவில்லை. இறந்தவரின் சகோதரர் என்று எழுதி அழித்தேன். நினைவேந்தலுக்காக என்று எழுதி அழித்தேன். கடைசியில் 'எங்கம்மா கேக்கறாங்க' என்று மட்டும் எழுதி அமுக்கினேன்.

பதில் வரவில்லை. மெயில் பார்க்கிற ஆள் இல்லை அவர் என்று தெரிந்தது. திரும்பவும் போன் செய்யலாம்தான், ஆனால் சாவு வீட்டில் போய் எனக்கு ஒரு போட்டோ என்று எப்படிக் கேட்பது? அவர்கள் வீட்டுக் காரியம் முடியட்டும் என்று பொறுத்தேன். தினம் சாயங்காலம் அம்மா சுவருக்கு விளக்கு வைப்பாள். படம் எங்கே என்று கேட்க மாட்டாள். என்னைத் திரும்பி ஒரு தடவை பார்ப்பாள், அவ்வளவுதான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவேன்.

ஒரு சனிக்கிழமை பூந்தமல்லி தாண்டி ஸ்கூட்டரில் போனேன். வழியெல்லாம் குடோனும் பிளாட் போட்ட கல்லும்தான். அவர்கள் தெருமுனையில் பெரியவரின் பேனர் இன்னும் கட்டியிருந்தது, வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. தம்பி எடுத்த படம். பெரியவர் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தம்பிதான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பான்.

அந்த அக்கா தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். படம் பழைய போனில் எடுத்ததாம், போன் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம், அந்தப் படம் போச்சு என்றே நினைத்திருக்கிறார். போகவில்லைக்கா, உங்க கணக்குலதான் இருக்கு, நான் மெயில் போட்டிருக்கேன் என்றேன். புதுப் போனை எடுத்து, கடன் வேண்டுமா, புடவை வேண்டுமா என்று வந்த மெயில்களை எல்லாம் தள்ளிக்கொண்டே போய் என்னுடையதைக் கண்டுபிடித்தார். எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரையில் மூன்று தேர்வு வந்தது. பார்க்க மட்டும் என்பதைத் தொட்டால் போதும் என்று கையை நீட்டினேன். அந்த அக்கா என் கையை விலக்கிவிட்டுக் கடைசியாக இருந்த 'திருத்தலாம்' என்பதை அமுக்கினார்.

"உங்க தம்பி சொல்லிக் குட்த்தாரு நைனா. பாக்க மட்டும் குட்த்தா, ஊட்டுக்குக் கூப்ட்டுட்டு வாசல்லயே நிக்க வெக்கற மாரியாம். எப்பவும் கடைசில கீறத அமுக்குக்கான்னாரு."

மாமனார் படத்துக்காக நான் அந்த அக்காவுக்குக் கொடுத்திருந்தது பார்க்க மட்டும்தான். சொல்லவில்லை. படம் திறந்தது. பந்தியில் மேஜை ஓரம் உட்கார்ந்திருக்கிறான். கேமரா மடியில். வாய் நிறையச் சோறு, ஒரு கையில் அப்பளம், எடுக்கிறவரைப் பார்த்து, வேணாம்க்கா என்று சொல்லப் போகிறவன் மாதிரிச் சிரிக்கிறான். எதிரே பேண்டுக்காரர் ஒருவருடைய தோளும் சிவப்புச் சட்டையும் தெரிகிறது. கண் நன்றாகத் திறந்திருக்கிறது.

வீட்டுக்குப் போகவில்லை. பூந்தமல்லியில் அவன் ஸ்டூடியோ மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, வெளியேற்றிய ஆட்களைத் திரும்பச் சேர்த்தேன். எல்லோருக்கும் திருத்தும் உரிமை. ரேஷன் கார்டுக்காரர், பக்திப் பாட்டுக்காரர் உட்பட. போன படங்கள் தானாக வராது, அவரவர் திரும்பப் போட்டால்தான் உண்டு. போடுவார்களோ மாட்டார்களோ. அலுவலகத்தில் தெரிந்தால் சிரிப்பார்கள்.

பிறகு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய் ஃப்ரேமுக்குப் பிரிண்ட் போடச் சொன்னேன். கடைக்காரர் பழக்க தோஷத்தில் தலையை மட்டும் வெட்டி வெள்ளைச் சட்டை தேட ஆரம்பித்தார். தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன் என்றேன். அவர் பயந்துபோய் இலை, அப்பளம், பேண்டுக்காரர் தோள் எல்லாவற்றோடும் அப்படியே போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் அம்மா திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஃப்ரேமை அவள் மடியில் வைத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு விரல் மெல்லக் கீழே இறங்கி இலையில் நின்றது. இலையில் சாம்பார் சோறு, ரசத்தின் ஈரம், ஓரத்தில் பாயசம். இரண்டாம் தடவை வாங்கியது போலக் குவிந்திருந்த பொரியல். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த அக்கா போனில் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"துன்னுட்டுத்தான்டா வந்துகீறான்," என்றாள் அம்மா. "எல்லா கல்யாணத்துலயும் வயிறு ரொம்பத் துன்னுட்டு, இங்க வந்து பசிக்குதுன்னு என் கையாலயும் துன்னுகீறான். திருட்டுப் பய."

சிரித்தாள். அவன் போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். நான் ஃப்ரேமை வாங்கி ஆணியில் மாட்டினேன். நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தள்ளி நின்றேன். நேராக இருக்கிறதா கோணலாக இருக்கிறதா என்று தெரியாதபடி கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் அழுதேன். அம்மா விளக்கை ஏற்றிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சமையற்கட்டு வாசலில் நின்று, சோறு போடட்டுமா என்று கேட்டாள்.

பிரிண்ட் வருவதற்குள் ஃப்ளெக்ஸ் கடைக்குப் பக்கத்து ஓட்டலில் நான் நாலு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டிருந்தேன்.

"பசி உயிர் போகுதும்மா," என்றேன்.